நல்லா உறுமுது

சித்தி யாரையும் நோக்கி நேராக நடந்து வந்து நான் பார்த்ததில்லை. தெருவில் எதிரே நம்மைக் கண்டுவிட்டால் முதலில் பார்வையை வேறெங்கோ திருப்புவாள். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றி வந்து, நம் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாப்ட்டியா?" என்பாள். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போதே இதைக் கவனித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக அந்தக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நான் பட்டம் வாங்கிய நாளில், மற்றவர்களுடைய சித்திகள் எல்லாம் நேராக ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். என் சித்தி நாற்காலி வரிசைகளைச் சுற்றி, கழிவறைப் பக்கமாக வந்து, என் முழங்கைக்கு அருகே முளைத்தாள். "திமிர் புடிச்சவ, நேரா வர்றாளா பாரு" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அது திமிர் இல்லை, தொழில். பயந்துபோன நாய்க்கு, நேராக நடந்து வருகிறவர் சண்டைக்கு வருகிறவர். சுற்றி வருகிறவர்தான் மரியாதை தெரிந்தவர். இருபது வருடம் நாய்களிடம் அப்படி நடந்து நடந்து, மனிதர்களிடமும் அவளுக்குக் கால் வளைந்துவிட்டது. கால் மட்டும்தான். வாய் நேராகத்தான் போகும், நடு நெற்றிக்கு.

சித்தி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டில் கல்யாணம். நான்கே வருடத்தில் ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். அந்த மனிதர் கை நீட்டுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். "கத்துற ஆளா இருந்தா சமாளிச்சிருப்பேன்க்கா. கத்தும்போதே ஓடிடலாம். இந்தாளு சத்தமே காட்டமாட்டான்" என்று அவள் சொன்னதாக அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வளர்ந்ததில்லை.

பிறகு ஒரு நாய் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. ஒரு டாக்டர், ஒரு மேசை, மூலையில் ஒரு எடைபார்க்கும் மெஷின், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு பெரிய கறுப்பு நாய்க்கு ஊசி போட நான்கு ஆண்கள் அதை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாய் அலறியது, சிறுநீர் போனது, ஒருவனைக் கடித்தது. துடைக்க வந்த சித்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை முதலில் அணைத்தாள். "மூணு பேர் வெளிய போங்க" என்றாள். "நாலு பேர் சேர்ந்து உங்களை அமுக்கினா நீங்க ஊசி போட்டுப்பீங்களா?" நாயை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினாள். அதன் பக்கத்தில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து டாக்டர் தரையில் மண்டியிட்டு ஊசி போட்டார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பம் வேறொருத்தியின் கைக்குப் போனது.

நாளடைவில் டாக்டர் தன்னால் தீர்க்க முடியாதவர்களை அவளிடம் அனுப்ப ஆரம்பித்தார். மற்ற நாயைக் கண்டால் வெறி பிடித்தாற்போல் குதிக்கும் நாய். அழைப்புமணி அடித்தால் தன் வாலையே கடித்துக்கொள்ளும் நாய். அவற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவே திட்டிய முகத்தோடு நிற்கும் மனிதர்கள். "மருந்து எழுதிட்டேன். மிச்சத்தை அக்காகிட்ட பேசுங்க" என்பார் டாக்டர்.

அந்த மிச்சம்தான் பெரிய வேலை. சித்தி முதலில் நாயைப் பார்க்கவே மாட்டாள். அது எங்கே தூங்குகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை எழுப்பப்படுகிறது, எங்கே வலிக்கிறது, வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, நாயை வளர்ப்பவர் கடைசியாக எப்போது நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று கேட்பாள். 'நாய் எப்போது குரைத்தது என்று எழுதாதீர்கள், அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்' என்று ஒரு நோட்டைக் கொடுப்பாள். "வாயில்லா ஜீவன்" என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு. "வாய் இல்லையா? அதுக்கு வாய் மட்டும்தாங்க இருக்கு. நமக்குத்தான் காது இல்ல." குரைக்கிற நாய் கடிக்காது என்கிறவர்களிடம் கடிபட்ட தழும்புகளை வரிசையாகக் காட்டுவாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறவர்களிடம், "அதை ஏன் நிமிர்த்தணும்? தளர்ந்து கிடந்தாத்தான் அது நிம்மதியா இருக்குன்னு அர்த்தம்" என்பாள்.

நான் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சித்தியோடு சுற்றக் கிளம்பினேன். அவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். "படிச்சவ நீ எழுது" என்று நோட்டு என் கைக்கு வந்தது. அப்போதுதான் டாக்டர் அனுப்பிய ஒரு தையல்காரக்காவின் வீட்டுக்குப் போனோம்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாக இருந்தார். நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கூடத்தில் வாசலுக்கு எதிரே தையல் மெஷின், சுவரெங்கும் தொங்கும் ரவிக்கைகள், வெட்டிய துணிக் குவியல். குவியலுக்கும் கதவுக்கும் நடுவே, வருகிறவர்கள் எல்லாம் தாண்டிப்போகும் இடத்தில், மார்பில் மட்டும் வெள்ளை கொண்ட ஒரு பழுப்பு நாய். குட்டியாகத் தெருவில் கிடந்ததை அவர்தான் எடுத்து வளர்த்தார். எதற்கும் ஆட்சேபணை சொல்லும் என்பதால் மாடிக்காரர்கள் வைத்த பெயர் வக்கீல். அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் வக்கீல் பார்சல் கொண்டுவந்த பையனின் முன்கையைக் கடித்துவிட்டது. ஆறு தையல். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், நாயை வெளியேற்ற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். தையல்காரக்கா அழுது கெஞ்சி இரண்டு மாத அவகாசம் வாங்கியிருந்தார். அதற்குள், நாயால் ஆபத்தில்லை என்று, நாய்களைப் பற்றித் தெரிந்தவர் யாராவது எழுத்தில் தர வேண்டும். சங்கம் கூடி முடிவு செய்யும். இல்லாவிட்டால் நாய் போக வேண்டும். எங்கே? அவருக்குச் சொந்தமென்று வேறு யாரும் இல்லை, தோட்டமுள்ள உறவினர் யாரும் இல்லை. தெருவில் விட வேண்டும், அல்லது ஊசி போட்டுக் கொல்ல வேண்டும்.

"நாய்க்குத்தாம்மா பிரச்சினை. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

சித்தி தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கயிறு ஒரு பக்கம் அதோட கழுத்துல இருக்கு. இன்னொரு பக்கம் எங்கக்கா இருக்கு?"

தையல்காரக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். கயிற்றை இறுக்கி இறுக்கிப் பிடித்ததில் குறுக்கே சிவந்து தோல் உரிந்திருந்தது. ஊசி பிடிக்கிற கை. அவர் அழ ஆரம்பித்தார். கடி நடந்ததிலிருந்து ஊர் எழும்முன் நாயை வெளியே கூட்டிப் போகிறாராம். படியில் யாராவது வந்தால் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நாயோடு ஒளிந்துகொள்கிறாராம். மூன்றாம் மாடிக்காரி, இவரைத் தாண்டும்போது வேண்டுமென்றே காறித் துப்புகிறாளாம்.

எனக்கு அப்போதே கோபம் தலைக்கேறியது. சித்தி என் பக்கம் திரும்பி, "உன் கோபத்தை நோட்டுல எழுதாத. அவங்க தூங்குற நேரத்தை எழுது" என்றாள்.

மறுநாள் கடிபட்ட பையனைத் தேடிப் போனோம். அவனை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சித்தி பழம் வாங்கிக்கொண்டு போனாள், முதலில் காயத்தைப் பார்த்தாள், ஊசிகள் முழுதாகப் போட்டானா என்று கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"கடிக்கிறதுக்கு முன்னாடி அது உறுமுச்சா தம்பி?"

"இல்லக்கா. அதான் பயமே. சும்மா பார்த்துக்கிட்டு நின்னுச்சு. சத்தமே இல்ல. அடுத்த நொடி கையில தொங்குது."

வெளியே வந்ததும் சித்தி செருப்பை மாட்டாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரோ அதோட உறுமலைப் பிடுங்கியிருக்காங்க" என்றாள்.

கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் தையல்காரக்கா ஒரு பயிற்சியாளரை வைத்திருந்தார். கழுத்தில் விசிலோடு வருவதால் அவருக்கு விசில் மாஸ்டர் என்று பெயர். வக்கீல் உறுமும்போதெல்லாம், இழுத்தால் இறுகும் சங்கிலியை ஒரே வெட்டாக வெட்டி இழுப்பார். பத்து நாளில் நாய் உறுமுவதை நிறுத்தியது. "பாருங்க, அடங்கிடுச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். நாய் அடங்கவில்லை. எச்சரிக்கைதான் அடங்கியது. பயம் உள்ளே அப்படியே இருந்தது. அதோடு, டாக்டர் பார்த்தபோது இடது காதுக்குள் ஆறாத புண் இருந்தது. தலைப்பக்கம் யாராவது கை கொண்டுவந்தால் அதற்கு உயிர் போகும் வலி. பார்சல் பையன் அன்பாகத் தடவத்தான் கை நீட்டியிருக்கிறான்.

நாற்பது நாள் வேலை நடந்தது. காதுக்கு மருந்து. வெளிச்சத்துக்காக மெஷின் வாசலுக்கு எதிரேதான் இருக்க வேண்டும் என்று அக்கா அடம் பிடித்தார். அப்படியானால் நாய் உள்ளறைக்கு என்று தீர்ந்தது. நடுவே பழைய திரைச்சீலை ஒன்றை இரட்டையாக மடித்துத் தைத்துத் தொங்கவிட்டார்கள். அழைப்புமணியின் வயரைச் சித்தியே பிடுங்கினாள். துணி கொடுக்க வருகிறவர்கள் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள், போன் செய்துவிட்டு வர வேண்டும். ஐந்து வருடமாகத் துண்டு துண்டாகத் தூங்கிய நாய் முதல் வாரம் முழுக்கத் தூங்கியது. இரண்டாம் வாரம் தையல்காரக்காவும் தூங்கினார். அதையும் எழுதினேன்.

பிறகு தூரம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அருகில் நாயை நிறுத்தி, படிக்கட்டின் வாயில் நான் வந்து நிற்பேன். எத்தனை அடியில் நான் நின்றால் அது என்னைப் பார்த்துக்கொண்டே வேகவைத்த கோழித் துண்டைத் தின்கிறது, எத்தனை அடியில் தின்பதை நிறுத்துகிறது என்று அளந்தோம். முதல் நாள் இருபத்தெட்டு அடி. தின்பதை நிறுத்திய இடத்துக்கு மேல் ஒரு அடிகூட நெருங்கக் கூடாது. நான் ஒருமுறை நெருங்கிவிட்டேன். "ஏண்டி, அதுக்குப் போதும்னு சொல்லுது, உனக்குப் போதலையா? பரீட்சையா எழுதுற?" என்று மாடி அதிரக் கத்தினாள். நாய்க்கு முன்னால் அல்ல. அதைக் கீழே அனுப்பிவிட்டு.

இருபத்துமூன்றாம் நாள். நான் பதினோரு அடியில் நின்றேன். வக்கீல் என்னைப் பார்த்தது, உதட்டைச் சற்று சுருக்கியது, அடித்தொண்டையிலிருந்து மெல்ல, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, "ர்ர்ர்" என்றது.

"ச்சீ! சும்மா இரு!" என்று தையல்காரக்கா பதறினார்.

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் சித்தி. அவள் கண் நிறைந்திருந்தது. என்னைப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினாள். நான் மூன்றடி பின்வாங்கினேன். நாய் உறுமலை நிறுத்திக் கோழித் துண்டைத் தின்றது. "பார்த்தியா, சொல்லுது. சொன்னா நாம கேக்குறோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி எதுக்குக் கடிக்கப் போகுது?" சித்தி அன்று கீழே இறங்கும்போது படிக்குப் படி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்திலிருந்து எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைச் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காதுப் புண் ஆறியது, தூக்கம், வெளியே போகும்போது வாய்க்கூடு, படியில் யாரும் குனிந்து தொடக் கூடாது, எல்லாம் சொன்னாள். கடைசியாக, "எழுது. உறுமுது. முன்னாடி உறுமாது, இப்போ நல்லா உறுமுது. உறுமினா ரெண்டடி தள்ளி நின்னா போதும்" என்றாள்.

நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நல்ல தாளில் படியெடுக்கும்போது அந்த வரியில் நின்றேன். எனக்குக் கல்லூரிக் கடைசி வருடத்தில் விண்ணப்பம் எழுத ஒரு வாரம் வகுப்பு வைத்தார்கள். குறையை ஒருபோதும் எழுதாதே, எழுத வேண்டி வந்தால் நிறையாக மாற்றி எழுது என்று சொல்லிக் கொடுத்தார்கள். உறுமும் நாயை எந்தச் சங்கம் வைத்துக்கொள்ளும்? சித்திக்கு நாய் தெரியும், காகிதம் தெரியாது என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. 'நாய் இப்போது உறுமுவதில்லை. யாரையும் அச்சுறுத்துவதில்லை' என்று எழுதினேன். சித்தி எழுத்துக் கூட்டிப் பாதிப் பக்கம் படித்தாள். மீதியை, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டம் தரைத்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். தூணோரமாகத் தையல்காரக்கா வக்கீலோடு நின்றார். கயிறு தளர்வாக இருந்தது. நாய் வாய்க்கூடு போட்டுக்கொண்டு அவர் காலருகே உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் இருந்தும் அது நிதானமாக இருந்ததே ஒரு பெரிய காரியம். அங்கிருந்த யாருக்கும் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

செயலாளர் கடிதத்தை உரக்கப் படித்தார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகள் உள்ளவர், பயந்தவர். 'யாரையும் அச்சுறுத்துவதில்லை' என்ற வரியை இரண்டு தரம் படித்தார். முகம் இளகியது. "அப்போ பிரச்சினையே இல்லையே" என்றபடி எழுந்து, நேராக நாயிடம் வந்து, குனிந்து, அதன் தலையில் கை வைக்கப் போனார்.

"ஐயா, வேணாம்!" என்று சித்தி எழுவதற்குள் வக்கீல் உறுமியது. நன்றாக, தெளிவாக, அந்த இடம் முழுக்கக் கேட்க. கடிக்கவில்லை, பாயவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு உறுமியது. செயலாளர் பின்வாங்கி நாற்காலியோடு சரிந்தார். ஒரே கூச்சல். மூன்றாம் மாடிக்காரி, "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று கத்தினாள்.

"அது சரியாத்தாங்க பண்ணுச்சு!" சித்தியின் குரல் எல்லாவற்றுக்கும் மேல் கேட்டது. "கிட்ட வராதீங்கன்னு சொல்லுச்சு. அவ்ளோதான். கடிச்சுதா? இதுக்குத்தாங்க நாற்பது நாள் பாடுபட்டோம்!"

"உறுமுறதுக்கா பாடுபட்டீங்க?" செயலாளர் எழுந்து சட்டையைத் தட்டினார்.  கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "உறுமுவதில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இது உங்க கையெழுத்துதானே?"

சித்தி தாளை வாங்கினாள். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். பதினைந்து பேர் அவள் படித்து முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டும்.

"ஆமா. என் கையெழுத்துதான்" என்றாள் சித்தி.

பதினைந்து நாளில் நாய் வெளியேற வேண்டும் என்று கைதூக்கி முடிவெடுத்தார்கள்.

சித்தி தெருமுனை வரை நடந்தாள். பிறகு நின்றாள். "எதுக்குடி?" என்றாள்.

"நல்லதுக்குன்னுதான் சித்தி... உறுமுதுன்னு எழுதினா..."

"அந்த மனுஷன் கை எங்க போச்சு தெரியுமா? நீ எழுதினதை நம்பித்தான் போச்சு. உறுமாதுன்னு படிச்சார், தொட வந்தார். பழைய வக்கீலா இருந்திருந்தா, வாய்க்கூடும் இல்லாம இருந்திருந்தா, இந்நேரம் ஆஸ்பத்திரியில இருப்போம். விசில்காரன் சங்கிலியால அதோட வாயை அடைச்சான். நீ பேனாவால அடைச்சிட்ட. அவன் படிக்காதவன்டி. நீ?"

தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. "நீ முழுசா படிச்சிருக்கலாம்ல!" என்று கத்தினேன். அவளைப் பார்த்து அதைச் சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளைப் பார்த்து, அவளையும் சேர்த்து எல்லோரும் உழைத்துப் படிக்கவைத்த நான். அவள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் தனியாகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அந்த வரியை மாற்றியது நான்தான் என்று எழுதிய இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "ஏம்மா, முதல் கடிதம் பொய்னு ரெண்டாவது கடிதம் சொல்லுது. நாளைக்கு மூணாவது கடிதம் வந்து ரெண்டாவது பொய்னு சொன்னா?" என்றார். "படிச்ச பொண்ணு நீ. நீயே சொல்லு, எதை நம்புறது?"  அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் அந்தக் கோபம் ஆறவில்லை.

பதினான்காம் நாள் சித்தி வக்கீலைத் தன்னோடு கூட்டிப் போனாள். அவள் இருந்த ஒற்றை அறையில் நாய்க்கு அனுமதி இல்லை. அறையைக் காலி செய்தாள். ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுவிட்டு, ஊர் எல்லையில் ஒரு நாற்றுப் பண்ணையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னாலேயே இரண்டு அறை, சுற்றிலும் வேலி, நாளுக்கு நாலு பேர்கூட வராத இடம். தையல்காரக்கா குடியிருப்பின் வாசல் வரை வந்தார். கயிற்றைக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை.

"ஆறு மாசம்க்கா" என்றாள் சித்தி. "அதுக்குள்ள தரையோட இருக்குற வீடா, தனி கேட்டு இருக்குற வீடா பாருங்க. நானே கூட்டிட்டு வந்து உங்க கையில கயித்தைக் குடுக்கிறேன். இது நான் குடுக்குற வாக்கு."

தையல்காரக்கா ஐந்தே மாதத்தில் வீடு பார்த்துவிட்டார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வரமுடியாத தூரம். இருந்தாலும் தனி வீடு, தனி கேட். சித்தி வந்து பார்த்தாள். கேட்டுக்குக் கீழே இடைவெளி அதிகம் என்றாள். அக்கா கம்பிவலை அடித்தார். எதிர்வீட்டு நாய் நாள் முழுக்கக் குரைக்கிறது என்றாள். அக்கா அந்தப் பக்கச் சன்னலுக்குத் தகரம் அடித்தார். மழை முடியட்டும் என்றாள். மழை முடிந்தது. ஆறு மாதம் ஒரு வருடமாகி, இப்போது மூன்று வருடத்தை நெருங்குகிறது.

எனக்கு இதற்கிடையில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. மாதம் ஒருமுறை சித்தியைப் பார்க்கப் போவேன். போன மாதம் போகும் வழியில் தையல்காரக்கா வீட்டில் இறங்கினேன். என் கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுத்தார். "அதோட நெஞ்சளவு எடுத்துட்டு வா பாப்பா. நெஞ்சுல மாட்டுற வார் ஒண்ணு தைக்கணும். பழைய அளவு சரியா வராதுல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க சித்தி நல்லவங்கதான். ஆனா கேளேன், நீயாவது கேளேன்."

பண்ணையில் வக்கீல் பூந்தொட்டிகளுக்கு நடுவே மல்லாந்து, நான்கு காலும் காற்றில் இருக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு தெரியத் தூங்கும் நாய் பயமில்லாத நாய். அதைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"எப்போ கொண்டுபோய் விடப்போற?" என்றேன்.

"அடுத்த மாசம்."

"மூணு வருஷமா இதே பேச்சு. அந்தம்மா அதுக்காக வீடு மாறினாங்க. வாடிக்கை போச்சு. தனியா உட்கார்ந்திருக்காங்க. உனக்கு நாயோட வலி மட்டும்தான் தெரியுமா?"

சித்தி குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் செருப்பின் மேல் ஓடியது. "அங்க போனா மறுபடி யாராவது தலையில கை வைப்பான். மறுபடி ஒரு கூட்டம் போடுவாங்க. மறுபடி ஒருத்தி கடிதம் எழுதுவா." கடைசி வார்த்தையை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அது என் தப்பு. இது உன்னோடது."

"தெரியும்" என்றாள். கத்தவில்லை. நாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குடுக்கணும்னு தெரியும்டி. வாக்கு குடுத்தது நான்தானே. தினமும் காலைல கயித்தை எடுக்கிறேன். அது வாலை ஆட்டிக்கிட்டு வந்து நிக்குது. கை வரல."

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் துணிவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வக்கீல் இரண்டாம் மாடியிலேயே இருந்திருக்கும். ஆனால் என் குற்றத்தைக் காட்டி அவளுடைய வாக்கைத் தள்ளுபடி செய்ய முடியுமா? முடியாது என்றுதான் படுகிறது. அளவு நாடாவை நீட்டினேன். சித்தியே நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தாள். பழைய அளவைவிட மூன்று விரற்கடை கூடியிருந்தது. திரும்பும் வழியில் நான் அளவைச் சொன்னதும், தையல்காரக்கா அதைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அன்றே துணியை வெட்ட ஆரம்பித்தார்.

வக்கீலுக்கு இப்போது ஒன்பது வயது. இப்படிப்பட்ட நாய் பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று வரை இருக்கும் என்கிறார் டாக்டர். சித்தி இன்னும் கொண்டுபோய் விடவில்லை.